வறுமைக்குச் சான்று கேட்கும் ஆட்சிகள்

ஆந்திரப் பிரதேசத்தின் கல்வி உதவித் திட்டங்களுக்குச் சித்தூரும் திருப்பதியும் விழா மேடைகளாகவே விளங்கி வந்துள்ளன. 2020 ஜனவரி 9 அன்று, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வழங்கும் ‘அம்ம ஒடி’ திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி சித்தூரில் தொடங்கி வைத்தார். 2022 மே 5 அன்று, சுமார் 10.85 இலட்சம் மாணவர்களுக்கான ‘வித்யா தீவென’ கல்விக் கட்டணத் தவணையாக 709 கோடி ரூபாயை அவர் விடுவித்தது திருப்பதியில். 2023 ஆகஸ்ட் 28 அன்று, அதே திட்டத்தின் மற்றொரு தவணையாக 680 கோடி ரூபாய்க்கு அவர் பொத்தானை அழுத்தியது, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் நகரியில். அதே ஆண்டு ஜனவரி 27 அன்று, இந்த ஆட்சியை மாற்றிக் காட்டுவோம் என்று நாரா லோகேஷ் ‘யுவகளம்’ நடைப்பயணத்தைத் தொடங்கியது குப்பத்தில்.

மேடைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் மேடை கலைந்த பிறகுதான். தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்குகிறது. அரசின் தவணை வரவில்லை. கல்லூரி அலுவலகம் மாணவரின் பெயரைச் சொல்லி அழைக்கிறது. படித்து முடித்தவர் மூலச் சான்றிதழ்களைக் கேட்டால், “நிலுவையைக் கட்டிவிட்டு வா” என்ற பதில் கிடைக்கிறது. ஆந்திரம் முழுவதும் மாணவர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிவரும் புகார் இது. அரசு செலுத்தவேண்டிய பணத்துக்கு, அந்த அரசு ஏழை என்று சான்றளித்த வீட்டுப் பிள்ளை கடன்காரராக நிற்கிறார்.

ஏழை மாணவருக்கு உதவி வேண்டுமா, வேண்டாமா என்பது இன்று எவரும் வெளிப்படையாக வாதிடும் கேள்வி அல்ல. அந்த உதவி எந்த வடிவில் வருகிறது, அதைப் பெறுபவரை எவராக ஆக்குகிறது என்பதே கேள்வி. உதவியைப் பெறும் மாணவர் கூச்சத்தில் குறுகிப் போகிறார் என்றால், அந்தக் கூச்சம் அவருடைய மனப்பலவீனம் அன்று. அது அரசின் விதிமுறைகளால் உற்பத்தி செய்யப்படுவது. உற்பத்தி செய்யும் இயந்திரத்தை விட்டுவிட்டு, மாணவருக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில் பயன் இல்லை.

பெயரிலேயே இருக்கிறது உறவு

திட்டங்களின் பெயர்களைத் தமிழில் பெயர்த்துப் பார்த்தாலே போதும். ‘தீவென’ என்றால் ஆசி. ‘கானுக’ என்றால் அன்பளிப்பு. ‘அம்ம ஒடி’ என்றால் அம்மாவின் மடி. ஆட்சி மாறிய பின் வந்த ‘தல்லிக்கி வந்தனம்’ என்பதற்குத் தாய்க்கு வணக்கம் என்று பொருள். ஆசி உண்டு, அன்பளிப்பு உண்டு, மடி உண்டு, வணக்கமும் உண்டு. உரிமை என்ற ஒரு சொல்லைத்தான் காணவில்லை.

இது தற்செயல் அன்று. ஆசி என்பது மேலிருப்பவர் கீழிருப்பவருக்குத் தருவது. விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் நிறுத்தலாம். அன்பளிப்பைப் பெற்றவர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர். ஆகவேதான் இத்தகைய விழாக்களில் மாணவர்கள் மேடையேறி, தங்கள் வீட்டு வறுமையை ஒலிபெருக்கியில் விவரித்து, தலைவருக்கு நன்றி கூறும் காட்சி தவறாமல் இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரப்பட்ட கடலைமிட்டாயின் உறையில் கூட முதலமைச்சரின் படம் அச்சிடப்பட்டது. 2024 ஜூலையில் புதிய அரசு பெயர்களை மாற்றியது; தலைவர்களின் பெயர்களுக்குப் பதிலாகச் சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன், டொக்கா சீதம்மா, அப்துல் கலாம் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பெயர்ப்பலகை மாறியதே அன்றி உறவு மாறவில்லை.

சங்க இலக்கியம் அறிந்தோர்க்கு இந்த உறவு புதிதன்று. புரவலர் ஒருபுறம், இரவலர் மறுபுறம். அந்தக் காலத்திலேயே, தன்னை நேரில் காணாது அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்துத் திரும்பிய பெருஞ்சித்திரனார் இருந்தார். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர். இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர். கொடுப்பது அறமானாலும் கேட்க நேர்வது இழிவு என்பதை நிலவுடைமைக் காலத்துப் புலவர்களே உணர்ந்திருந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டின் குடியரசோ, குடிமகனை இரவலனாக்கிவிட்டு, அதற்கு ‘நலத்திட்டம்’ என்று பெயர் சூட்டுகிறது. அரசின் கருவூலம் அதியமானின் சொந்தக் களஞ்சியம் அன்று. தீப்பெட்டி வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் அதே தாய் கட்டிய வரியும் அதில் இருக்கிறது.

பொய் சொல்ல வைக்கும் வரம்பு

உதவிக்குத் தகுதி பெற எவற்றையெல்லாம் மெய்ப்பிக்க வேண்டும்? கிராமத்தில் குடும்பத்தின் மாத வருமானம் 10,000 ரூபாய்க்குள், நகரத்தில் 12,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நிலம் வரம்புக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் மாதம் 300 யூனிட்டைத் தாண்டக்கூடாது. நான்கு சக்கர வாகனம் கூடாது. வீட்டில் வருமான வரி செலுத்துபவரோ அரசு ஊழியரோ இருக்கக்கூடாது. நகரத்தில் வீடு 1,000 சதுர அடிக்கு மேற்படக்கூடாது. இதற்கு ‘ஆறு படிச் சரிபார்ப்பு’ என்று பெயர். ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் அரசு கட்டிய இந்தப் படிக்கட்டில்தான், சிற்சில மாற்றங்களுடன், 2025 ஜூன் 12 அன்று தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக கூட்டணி அரசின் ‘தல்லிக்கி வந்தன’மும் ஏறிவந்தது.

கிராமத்துக்கான 10,000 ரூபாய் வரம்பைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2024-25ஆம் ஆண்டில் ஆந்திரத்துக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி நாளொன்றுக்கு 300 ரூபாய். அந்தக் கூலியில் கணவனும் மனைவியும் மாதத்துக்கு இருபது நாள் வேலை செய்தால் வருமானம் 12,000 ரூபாய். அதாவது, ஒன்றிய அரசு நிர்ணயித்த அடிமட்டக் கூலியில் இருவர் உழைத்தாலே, மாநில அரசின் கணக்கில் அவர்கள் ஏழைகள் அல்லர்! ஆகவே நடைமுறையில் என்ன நிகழ்கிறது? மண் சுமந்து நேர்மையாகப் பிழைக்கும் குடும்பம், தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டும் காகிதத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் உதவி இல்லை. உதவி வேண்டுமானால் உண்மை இல்லை. அதன் பின், “இவர்கள் பொய்ச் சான்று கொடுத்து அரசுப் பணத்தைச் சுரண்டுகிறார்கள்” என்று நடுத்தர வர்க்க வரவேற்பறைகளில் பேசப்படுகிறது. முதலில் பொய் சொல்ல வைப்பது. பிறகு பொய்யர் என்று ஏசுவது.

சித்தூர் மாவட்டத்து மாந்தோப்பு விவசாயியின் நிலை வேறுவிதமானது. 2025 கோடையில் பெங்களூரா எனப்படும் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவிக்கும் நிலை வந்தது. விளைச்சல் நல்ல ஆண்டில் விலை இல்லை. விலை நல்ல ஆண்டில் விளைச்சல் இல்லை. இத்தகைய குடும்பத்தின் ‘மாத வருமானம்’ என்ன என்பதை எந்த வருவாய் ஆய்வாளர் எந்த மாதத்தைக் கொண்டு எழுதுவார்? சென்ற ஆண்டின் சான்றிதழைக் கொண்டு இந்த ஆண்டின் பசியை அளக்கும் தராசு இது.

இன்னொரு கணக்கும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய். 2019இல் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழி முற்பட்ட வகுப்பினருக்குக் கொண்டுவரப்பட்ட பொருளாதார இட ஒதுக்கீட்டுக்கு அதே ஒன்றிய அரசு வைத்திருக்கும் வரம்பு 8 இலட்சம் ரூபாய். ஒரே நாடு, ஒரே அரசு. வறுமைக்கு மட்டும் இரண்டு அளவுகோல்கள். தலித் வீட்டில் 2.6 இலட்சம் ஈட்டினால் வசதி படைத்த குடும்பம். முற்பட்ட வகுப்பு வீட்டில் 7.9 இலட்சம் ஈட்டினாலும் நலிந்த குடும்பம். நியாயம் பேசுவோர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.

யாருடைய பெயர் பட்டியலில்?

தகுதி பெற்றோர், பெறாதோர் பட்டியல்கள் கிராமச் செயலகங்களில் ஒட்டப்படுகின்றன. சமூகத் தணிக்கை என்று இதற்கு விளக்கம் தரப்படுகிறது. சமூகத் தணிக்கை மக்கள் போராடிப் பெற்ற ஒரு ஜனநாயகக் கருவி. அது ஒப்பந்தக்காரரின் கணக்கை, அதிகாரியின் கையெழுத்தை, ஒதுக்கப்பட்ட நிதி எங்கே போயிற்று என்பதை மக்கள் முன் வைக்கப் பிறந்தது. எந்த வீட்டில் எத்தனை யூனிட் மின்சாரம் எரிந்தது, எவருடைய பிள்ளை எதனால் விடுபட்டது என்று ஊரார் படித்துப் பார்க்க அது பிறக்கவில்லை. செலவழித்த அரசைத் தணிக்கை செய்ய வேண்டிய சுவரில், பெற்றுக்கொண்ட ஏழை தணிக்கை செய்யப்படுகிறார்.

இதன் அரசியல் விளைவு கூர்ந்து கவனிக்கத்தக்கது. “அவன் வீட்டில் டிராக்டர் இருக்கிறது, அவனுக்கு வந்துவிட்டது, என் மகளுக்கு வரவில்லை” என்ற பேச்சு அந்தச் சுவரின் முன்னால்தான் தொடங்குகிறது. வரம்புக்கு நூறு ரூபாய் மேலே நிற்பவர், நூறு ரூபாய் கீழே நிற்பவரைப் பகைக்கிறார். இருவருடைய பிள்ளைகளிடமும் கட்டணம் வசூலிக்கும் கல்லூரி முதலாளியைப் பற்றி அங்கே பேச்சே எழுவதில்லை. நியாயம் பற்றிய ஏழை மக்களின் கோபம் உண்மையானது. ஆனால் அது மேல்நோக்கிப் பாயாமல் பக்கவாட்டில் பாயும்படி வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் மதிய உணவுக் கணக்கில் பணம் கட்டாத மாணவரின் கையில் முத்திரை குத்துவதும், தட்டிலிருந்து சூடான உணவை எடுத்துக் குப்பையில் கொட்டுவதும் நடந்தன. 2017இல் நியூ மெக்சிகோ மாநிலம் அதைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. முதலாளித்துவத்தின் தலைமையகத்திலேயே நிலை இதுதான். மாறாகப் பின்லாந்து 1948 முதல் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் இலவச உணவு அளிக்கிறது. அங்கே எந்தக் குழந்தையின் கையிலும் முத்திரை குத்தும் தேவை எழவில்லை. யாரை ஒதுக்குவது என்ற கேள்வியே இல்லாத இடத்தில் இழிவுக்கு நுழைய வாயில் இல்லை.

இதை அறியப் பின்லாந்து வரை செல்ல வேண்டியதும் இல்லை. திருமலையில் 1985இல் தொடங்கிய அன்னதானக் கூடத்தில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் உண்கின்றனர். காரில் வந்தவரும் கால்நடையாக ஏறியவரும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். எவரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. ஆகவே அங்கே உண்பது எவருக்கும் இழிவு ஆவதில்லை. அதே மலையின் அடிவாரத்தில், படிப்பதற்கு வந்த உழவர் மகளிடம் ஆறு படிகள் ஏறிக் காட்டச் சொல்கிறது அரசு. பக்தருக்கு இருக்கும் மதிப்பு மாணவருக்கு இல்லையா என்று கேட்பதில் குற்றம் ஏதும் இல்லை.

திரை போதாது

தாராளவாதச் சீர்திருத்தக்காரர்களிடம் இதற்கு ஒரு மருந்து உண்டு. உதவியை மறைவாகக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுங்கள். யார் பெறுகிறார் என்பது எவருக்கும் தெரியாதிருக்கட்டும் என்கின்றனர். மாணவரின் விவரம் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மறைத்து வைப்பது என்பதே, மறைக்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகும். மேலும், தவணை வந்துகொண்டிருக்கும் வரைதான் திரை நிற்கும். தவணை தவறிய மறுநாளே, தேர்வு அனுமதிச் சீட்டு கிடைக்காத மாணவர் யார் யார் என்பது வகுப்பறை முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது.

ஜெகன்மோகன் அரசு கட்டணத்தைத் தாயின் கணக்கில் செலுத்தியது. அவர் சில நாள்களுக்குள் அதைக் கல்லூரியில் கட்ட வேண்டும். கல்லூரியைக் கேள்வி கேட்கும் அதிகாரம் இதனால் தாய்க்குக் கிடைக்கும் என்று பெருமை பேசப்பட்டது. 2021 செப்டம்பரில் ஆந்திர உயர்நீதிமன்றம் அந்த அரசாணைகளை ஏற்க மறுத்தது. ஆயினும் அதன் பின்னரும் தாயின் கணக்கில் போடும் விழாக்கள் தொடர்ந்தன. கேள்வி கேட்கும் அதிகாரத்துக்குப் பதிலாக, கல்லூரியின் வசூல் நெருக்கடியே தாயின் வாசலுக்கு வந்தது. புதிய அரசு மீண்டும் கல்லூரியின் கணக்குக்கே மாறியது. ஆனால் நிலுவை நின்றபாடில்லை. பல ஆயிரம் கோடி ரூபாய் நிலுவைக்கு யார் பொறுப்பு என்று இரு கட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று பழி சுமத்துகின்றன. நிலுவையைச் சுமத்திவிட்டு ஆட்சியை இழந்த கட்சியே, 2025 மார்ச் 12 அன்று கட்டண நிலுவையைத் தரச் சொல்லி ‘யுவத போரு’ என்று ஊர்வலம் நடத்திய விந்தையையும் ஆந்திரம் கண்டது. தவறு யாருடைய கணக்கில் போடுவது என்பதில் இல்லை. கட்டணத்தை மாணவரின் பெயரில் முதலில் எழுதி, பிறகு அரசு ஈடு செய்யும் என்ற ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ‘திருப்பிச் செலுத்துதல்’ என்ற சொல்லே, முதலில் கடன் ஒன்று விழுந்துவிட்டது என்பதைக் காட்டிக் கொடுக்கிறது.

அந்தக் கடன் உயிரையும் கேட்கக்கூடும். குண்டூர் மண்ணிலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் சென்ற ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று மாண்டார். அவர் விட்டுச் சென்ற கடிதம், தமக்கு வரவேண்டியிருந்த ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிடுகிறது. அதைப் பெற்றுக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கேட்கிறது. சாதிய ஒடுக்குமுறையே அந்த மரணத்தின் வேர். உதவித்தொகையை நிறுத்தி வைப்பது அந்த ஒடுக்குமுறையின் கையில் எத்தகைய ஆயுதமாக அமைகிறது என்பதற்கு அந்தக் கடிதமே சான்று.

பணம் எங்கே போகிறது?

கட்டணம் ஈடு செய்யும் திட்டத்தை ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி அரசு 2008 வாக்கில் விரிவுபடுத்தியபோது, முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது உண்மையான கதவாகவே அமைந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தக் கதவு எந்தக் கட்டடத்தின் கதவு? ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகள் காளான்களாகப் பெருகிய காலமும் அதுவே. பொதுப்பணம், மாணவர் என்ற குழாயின் வழியாகத் தனியார் கல்லூரிகளுக்குப் பாய்ந்தது. செலவு கூடியதும் அரசு கல்லூரி முதலாளியின் கட்டணத்தில் கை வைக்கவில்லை. மாணவரின் தகுதியில் கை வைத்தது. 2012இல் கிரண்குமார் ரெட்டி அரசு, நுழைவுத் தேர்வில் முதல் 10,000 இடங்களுக்குள் வராத பிற்படுத்தப்பட்ட, நலிந்த பிரிவு மாணவருக்கு 35,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டது. 2020இல் ஜெகன்மோகன் அரசின் 77ஆம் எண் அரசாணை, தனியார் கல்லூரிகளில் முதுநிலை படிப்போரை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியது. அதை ரத்து செய்வோம் என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது லோகேஷ் வாக்களித்தார்; ரத்து செய்யக் கோரி இந்திய மாணவர் சங்கம் இயக்கம் நடத்தியது.

இதே காலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் என்ன ஆயின? 1954இல், ஆந்திர மாநிலம் பிறந்த மறு ஆண்டே திருப்பதியில் தோன்றியது ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். இராயலசீமையின் வறண்ட மண்ணிலிருந்து எத்தனையோ தலைமுறைகள் அதன் வகுப்பறைகளில் எழுந்தன. இன்று மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் ஆசிரியப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. 2023இல் அரசே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை நிரப்ப அறிவிக்கை வெளியிட்டது; அந்த எண்ணிக்கையே சீரழிவின் அளவைக் காட்டுகிறது. அரசுக் கல்லூரியில் ஆசிரியர் இல்லை. ஆகவே மாணவர் தனியாரிடம் செல்கிறார். தனியார் கட்டணம் அதிகம். ஆகவே உதவி தேவைப்படுகிறது. உதவிக்கு நிதி போகிறது. ஆகவே அரசுக் கல்லூரிக்கு நிதி இல்லை. இந்தச் செக்கில் சுற்றும் மாட்டுக்குப் ‘பயனாளி’ என்று பெயர்.

ஒன்றிய ஆட்சியாளர்களின் பங்கு இதில் சிறிதன்று. 2022 ஜூலையில் பிரதமர் மோடி, மக்களுக்கான செலவுகளை ‘ரேவடி’ கலாச்சாரம் என்று மிட்டாயோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். அதே ஆண்டின் இறுதியில் சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைக் குழந்தைகளின் உதவித்தொகையும் வெட்டப்பட்டது. கல்விக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே எண்ணைத் திரும்ப எழுதியது. எழுதியதோடு சரி.

பணக்காரர் பிள்ளைக்கும் இலவசமா?

கல்வி அனைவருக்கும் இலவசமாக வேண்டும் என்று கேட்டால், உடனே ஒரு கேள்வி பாய்ந்து வருகிறது. ஆலை முதலாளியின் மகனுக்கும் அரசு ஏன் செலவிட வேண்டும்? ஏழைக்கு மட்டும் கொடுப்பதுதானே நியாயம்?

கேட்பதற்கு முற்போக்காக ஒலிக்கும் இக்கேள்வியில் ஒரு புரட்டு ஒளிந்திருக்கிறது. ஆலை முதலாளியிடம் வசூலிக்க வேண்டிய இடம் கல்லூரிக் கட்டண அறை அன்று, வரி அலுவலகம். பெருநிறுவன வரியைக் குறைத்துவிட்டு, சொத்து வரியை ஒழித்துவிட்டு, “பணக்காரனிடம் கல்லூரிக் கட்டணமாவது வாங்குகிறோமே” என்று சொல்வது ஏமாற்று. ஏழைக்கென்று மட்டும் ஒதுக்கப்பட்ட பள்ளியும் மருத்துவமனையும் எந்நாளும் ஏழ்மையாகவே இருக்கும். குரல் வலுத்தவர்களின் பிள்ளைகள் அங்கே இல்லாததால் அவற்றைக் காக்க எவரும் எழுவதில்லை. இந்நாட்டின் அரசுப் பள்ளிகளின் கதையே இதற்கு விளக்கம்.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே உதவும். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமோ, 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ அரசுப் பள்ளிக்குள் வந்த குழந்தையிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம் கேட்பதும் வருமானத்தை அன்று. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்பதையே. அரசுப் பள்ளியில் படித்தது குறை அன்று, தகுதி என்று அக்கேள்வி மாற்றி எழுதியது. மாதம் 1,000 ரூபாய் உயர்கல்வியின் செலவுக்கு ஈடாகாது. தனியார் கல்லூரிகளின் ஆதிக்கம் தமிழ்நாட்டிலும் குறையவில்லை. ஆயினும் எல்லைக்கு இப்பால் அரசுப் பள்ளி மாணவி பெறும் தொகையில் ஒட்டாத இழிவு, எல்லைக்கு அப்பால் ஆறு படி ஏறிப் பெறும் தொகையில் ஏன் ஒட்டுகிறது என்பது சிந்திக்கத்தக்கது. ஆந்திரத்திலும் 2025 ஜனவரி முதல் அரசு இளநிலைக் கல்லூரிகளில் மதிய உணவு வழங்கப்படுகிறது. ‘தல்லிக்கி வந்தனம்’ ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்ததும் முன்னேற்றமே. அதற்கு முன் ஒரு முழுக் கல்வியாண்டு எதுவும் தரப்படாமல் கழிந்தது என்பதையும் மறக்கலாகாது.

ஓர் எச்சரிக்கை தேவை. அனைவருக்கும் பொது என்ற கோரிக்கையைக் காட்டி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய தனி உதவியைக் கரைக்க முயல்வோர் உண்டு. பட்டியல் சாதி மாணவருக்கான உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக அவையில் உறுப்பினராக இருந்த காலத்தில் பிறந்தது. அது வறுமைக்குத் தரும் பிச்சை அன்று. நூற்றாண்டுகளாகக் கல்வி மறுத்த சமூகம் செலுத்தும் ஈடு. விடுதியும் நூலும் ஆராய்ச்சி உதவியும் அவர்களுக்குத் தனியே வேண்டும். வருமான வரம்பின்றி வேண்டும். கட்டணமில்லாக் கல்வி என்ற பொதுத்தளத்தின் மேல்தான் சமூக நீதியின் தனி ஏற்பாடுகள் உறுதியாக நிற்கும். ஒன்றைக் காட்டி மற்றதை வெட்டுவது ஆளும் வர்க்கத்தின் தந்திரம்.

கட்சி செய்ய வேண்டியது

நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் கட்சித் தோழர்கள் மக்களின் மனுக்களை எழுதித் தருகின்றனர். சான்றிதழுக்காகச் செயலகத்துக்கு உடன் செல்கின்றனர். விடுபட்ட பெயரைச் சேர்க்க அதிகாரியிடம் வாதாடுகின்றனர். இது தேவையான பணி. ஆனால் பணி அங்கேயே நின்றுவிட்டால், சல்லடையின் ஓட்டைகளைச் சற்று அகலப்படுத்தித் தரும் இடைத்தரகராகக் கட்சி சுருங்கிவிடும். ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்கும் போராட்டம், பட்டியலே வேண்டாம் என்ற போராட்டத்தின் முதற்படியாக அமைய வேண்டும்.

உடனடிக் கோரிக்கைகள் தெளிவானவை. கட்டண நிலுவை அரசுக்கும் கல்லூரிக்கும் இடையிலான வழக்கு; அதற்காக எந்த மாணவரின் அனுமதிச் சீட்டையும் நிறுத்தக்கூடாது. சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையைக் கடுமையாக நிறைவேற்ற வேண்டும். தவணைகளுக்குக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்கி, மாணவரின் பெயரில் கடன் விழாத முறை வேண்டும். 77ஆம் எண் அரசாணையின் சுவடே இருக்கக்கூடாது. வரம்புகள் கூலியோடும் விலைவாசியோடும் ஆண்டுதோறும் உயர வேண்டும், 2.5 இலட்சம், 8 இலட்சம் என்ற இரட்டை அளவுகோல் ஒழிய வேண்டும். குடும்ப விவரங்களைச் சுவரில் ஒட்டும் வழக்கம் முடிய வேண்டும். திட்டங்களில் தலைவர்களின் படமும் விழா மேடையும் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களின் காலியிடங்கள் நிரப்பப்பட்டு, அரசுக் கல்லூரிகளில் கட்டணம் முற்றாக நீங்க வேண்டும்.

இவற்றை முன்வைத்துக் கல்லூரி வாயிலில் நிற்கும்போது ஒன்றை மாணவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலுவைப் பட்டியலில் இருக்கும் பெயர் மாணவருடையது அன்று, அரசினுடையது. தலைகுனிய வேண்டியவர் அந்த மாணவர் அல்லர். இதை ஒரு மாணவர் உணர்ந்தால் அவர் அலுவலக வாசலில் தனியே நிற்கமாட்டார். அவரைப் போல் பட்டியலில் உள்ள அனைவரையும் அழைத்து வருவார். அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில், வரம்புக்கு நூறு ரூபாய் மேலே நின்றதால் விடுபட்டவரும் இருக்க வேண்டும். அவரையும் இவரையும் ஒரே முழக்கத்தின் கீழ் நிறுத்துவதே இன்றைய கடமை.